திண்ணையில் எழுந்த பழைய புல்லட்

சென்னை திருவொற்றியூரில் 1950-களின் நடுவில் என்ஃபீல்டு இந்தியா தொழிற்சாலை தொடங்கியது. அங்கிருந்து வந்த 350 சிசி புல்லட் ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் போனது; கிராமங்களில் பெரிய வீட்டு வாசல்களில் நின்றது. அந்த 'டப் டப்' சத்தம் கேட்டால் வருவது யாரென்று காலனிக்குத் தெரியும். ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஊர்த்தெருவில் நம்மவர்கள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றிருந்த காலமும் அதுதான்.

அந்தப் பழைய புல்லட்டுகள் இப்போது ஏலத்திலும் பழைய இரும்புக் கடையிலும் புரண்டு நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. மதுரைக்குத் தெற்கே ஒரு காலனியில், வீட்டுத் திண்ணையிலேயே அப்படி ஒரு வண்டியைப் பிரித்துச் சேர்த்து ஓட வைத்திருக்கிறார் ஒரு மெக்கானிக். ஐ.டி.ஐ. படிக்கும் அவருடைய அக்கா மகன்தான் கையாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வேலை நடந்த மாலைகள் சிலவற்றில் நாங்களும் அந்தத் திண்ணையில் இருந்தோம்.

முதலில் அவர் பார்த்தது இன்ஜினை அல்ல, ஆர்.சி. புத்தகத்தை. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டார். 15 ஆண்டு கடந்த வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸும் வேண்டும். "ஊர்க்காரப் பையன் பேப்பர் இல்லாம போனா எச்சரிச்சு விடுவாங்க. நம்ம பையன் போனா, திருட்டு வண்டியான்னுதான் முதல் கேள்வி வரும்" என்றார். கைப்பட்ட வண்டி வாங்கும் மாணவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நம்பர் அழிந்த வண்டி இனாமாக வந்தாலும் வேண்டாம்.

பல வருஷம் கிடந்ததால் பிஸ்டன் இறுகியிருந்தது. கிக்கரை மிதித்து உடைக்காமல், பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே டீசல் ஊற்றி 2 நாள் ஊற விட்டார். மூன்றாம் நாள் பின்சக்கரத்தை கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார், இளகியது. சிலிண்டர் தேய்ந்திருந்ததால் லேத்தில் கொடுத்து போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் மாட்டினார்கள். வீட்டில் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். பெட்ரோல் டேங்கில் துருவை எடுக்க வினிகரும் சின்ன நட்டுகளும் போட்டுக் குலுக்கினார்கள். பெட்ரோல் வாடை போகும்வரை சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவாத டேங்கின் பக்கம் நெருப்பே வரக்கூடாது. காலி டேங்க் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

டியூனிங் தொடங்கியதும் மருமகன் ஸ்குரூ டிரைவரோடு கார்புரேட்டர் பக்கம் போனான்.

"மாமா, ஏர் ஸ்குரூவைத் திருப்பட்டுமா?"

"அதத் தொடாதடா மாப்ள. அது கடைசி."

வீட்டில் டியூன் செய்கிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். டேப்பட், பாயிண்ட், டைமிங், அதற்குப் பிறகே கார்புரேட்டர். முந்தைய மூன்றில் உள்ள கோளாறைக் கார்புரேட்டரில் சரிசெய்ய முடியாது.

டேப்பட் பார்க்க இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே நிற்கும்போது புஷ் ராடை இரு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இதற்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை, விரல் போதும். பாயிண்டுக்குத்தான் கேஜ் வேண்டும்: முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. கருகியிருந்தால் மெல்லிய எமரி தாளால் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு அளக்க வேண்டும்.

டைமிங்கில்தான் மெக்கானிக்கின் கை தெரியும். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மி.மீ. இருக்கும்போது, அட்வான்ஸ் எடைகள் விரியாத நிலையில், பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டின் நடுவே மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றைச் செருகி லேசாக இழுத்துக்கொண்டே இன்ஜினை நகர்த்தினார். தாள் விடுபட்ட கணம்தான் பாயிண்ட் திறந்த கணம். நேரம் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். பிந்தினால் இன்ஜின் சூடேறி இழுவை குறையும்.

கடைசியில் இன்ஜினை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஏர் ஸ்குரூவை மெல்ல உள்ளே முழுக்க முறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தான் மருமகன். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சத்தம் சீராக ஏறும் இடத்தில் நிறுத்தி, ஸ்லோ ஸ்பீடைக் குறைத்தான். இடைவெளி விட்டு விட்டு அடிக்கும் அந்தச் சத்தம் வந்ததும் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

சைலன்சரை மட்டும் மாற்ற விடவில்லை மாமா. அலறும் சைலன்சர் போட்டால் மறிப்பதற்கு நாமே காரணம் கொடுத்ததாகும் என்கிறார். எங்களுக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்தத் திண்ணைக்கு ஊர்க்காரர்களின் புல்லட்டுகளும் வருகின்றன. பாயிண்ட் வைத்த பழைய இன்ஜினைத் தொடத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை. வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், பேசுவார்கள், காசைக் கையில் கொடுப்பார்கள். தண்ணீர் மட்டும் பாட்டிலில் கொண்டு வருவார்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே, புல்லட்டில் சென்ற பட்டியல் சாதிக் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தச் செய்தி வந்த வாரம் இந்தக் காலனியில் பல தாய்மார்கள் பிள்ளைகளின் வண்டிச் சாவியை வாங்கி உள்ளே வைத்தார்கள்.

சட்டம் இதைப் பெயர் சொல்லியே பேசுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 3(1)(za)(B) பிரிவு: பட்டியல் சாதி, பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்பு அணிவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது அதே பிரிவில் வருகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. புகார் எழுதும்போது வெறும் 'தகராறு' என்று எழுதாமல், வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார்களா, சாவியைப் பிடுங்கினார்களா, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அப்படியே எழுத வேண்டும்.

படிப்பு முடிந்ததும் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்க வேண்டும் என்கிறான் மருமகன். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். விவரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

டியூனிங் சரியா என்பது ரோட்டில் ஓட்டினால்தான் தெரியும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பு. புது வண்டி ஓட்டிப் பழகிய மருமகன் காலனிக்குள்ளேயே நாலு சுற்று பழகிக்கொண்டான். பிறகு ஊர்த்தெரு வழியாக மெயின் ரோடு ஏறி, 10 கிலோமீட்டர் போய்த் திரும்பினான். மாமா எதுவும் கேட்கவில்லை. சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றினார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். இது காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.

"சரியா இருக்கு. முன் பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, நாளைக்கு மாத்திடு" என்றார்.