வேங்கைவயல் நீரும் வளரும் மூளையும்: குழந்தை நரம்பியல் ஆய்வுகள் நமக்குச் சொல்வது என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் இறையூர் வேங்கைவயலில், தலித் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது 2022 டிசம்பர் 26 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. அக்கொடுமையை முதலில் அறிவித்தவை குழந்தைகளின் உடல்களே. குழந்தைகள் நோயுற்றனர், குடிநீரில் குறை இருக்கலாம் என மருத்துவர்கள் ஐயுற்றனர், அதன் பின்னரே ஊர் இளைஞர்கள் தொட்டியின் மீது ஏறிப் பார்த்தனர். தொடர்ந்து அங்கு ஆய்வுக்குச் சென்ற அன்றைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறையும் அய்யனார் கோயிலில் தலித் மக்களுக்கு நுழைவு மறுப்பும் நிலவுவதை அறிந்து நடவடிக்கை எடுத்தனர்.

வழக்கு 2023 சனவரியில் சிபிசிஐடி வசம் சென்றது. ஈராண்டுகள் கழித்து, 2025 சனவரியில், அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவரைக் குற்றவாளிகளாகக் காட்டி அது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்களும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இதனை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கோரினர். நீதிக்கான இக்கோரிக்கையில் நாம் உறுதியாக நிற்கிறோம். ஆயினும் இத்தனை ஆண்டு விவாதங்களில் உரிய இடம் பெறாத கேள்வி ஒன்று உண்டு. மாசுற்ற நீரும் சாதியச் சூழலும் வளரும் குழந்தையின் மூளைக்கு என்ன செய்கின்றன?

குடலிலிருந்து மூளைக்கு

பிறப்பிலிருந்து ஐந்து வயதுவரை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது மூளைக்கே செல்கிறது. நரம்பிணைப்புகள் மிக விரைந்து உருவாவதும் இக்காலத்தில்தான். இந்த ஆற்றல் குடல் வழியாகவே வர வேண்டும்.

மலக்கிருமிகள் கலந்த நீரையும் மண்ணையும் நாள்தோறும் எதிர்கொள்ளும் குழந்தையின் குடலில், உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் மழுங்குகின்றன. குடற்சுவரின் காப்பு தளர்கிறது. ஓயாத அழற்சி குடிகொள்கிறது. வயிற்றுப்போக்கு என்னும் வெளிப்படையான அறிகுறி இல்லாமலேயே இது நிகழக்கூடும். அழற்சி நீடிக்கும்போது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்து இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கிறது. நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை உருவாகவும், நரம்புச் செய்திகளைக் கடத்தும் டோபமைன் போன்றவை சுரக்கவும் இரும்புச்சத்து இன்றியமையாதது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அதற்கு முந்தைய சுற்றைவிட இது அதிகம்.

இந்தத் தொடர்பை ஆராய்ந்த முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் இந்தியக் களம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பள்ளி வயதுவரை பின்தொடர்ந்தனர். வெளியே நோய் காட்டாத குடல் தொற்றுகளும் வளர்ச்சியைக் குன்றச் செய்வதையும், நோயும் தொற்றும் இரும்புக் குறைவும் வீட்டுச் சூழலும் ஒன்றோடொன்று பிணைந்து அறிதிறன் வளர்ச்சியைப் பாதிப்பதையும் பல்நாட்டு ஆய்வு காட்டியது. இளம் வயதில் உயரம் குன்றி, அந்நிலை நீடித்த குழந்தைகள் பள்ளி வயதில் அறிதிறன் தேர்வுகளில் பின்தங்கியதை வேலூர்த் தரவுகள் காட்டின.

ஒருநாள் நோயுற்றதால் மூளை குன்றிவிடாது. வேங்கைவயல் குழந்தைகளுக்கு அத்தகைய பாதிப்பு நேர்ந்துவிட்டது என்று கூறுவதும் நம் நோக்கமன்று. தூய நீர், தூய்மையான சுற்றுப்புறம், போதிய உணவு ஆகியவை தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட சேரிகளில், இத்தகைய தாக்குதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன என்பதே நம் கவலை.

சாதி எங்கே நுழைகிறது?

நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் குறித்து இந்தியாவில் நடந்த விரிவான ஆய்வொன்று 2018-இல் வெளியானது. ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுவரையிலான 3,964 குழந்தைகள் அதில் பரிசோதிக்கப்பட்டனர். வலிப்பு, பெருமூளை வாதம், ஆட்டிசம், செவி மற்றும் பார்வைக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு முதலியவற்றுள் ஒன்றேனும் இருந்தோர் 6 வயதுக்குட்பட்டோரில் 9.2 விழுக்காடு, கற்றல் குறைபாடும் கவனக் குறைபாடும் சேர்த்துக் கணக்கிடப்பட்ட 6 முதல் 9 வயதினரில் 13.6 விழுக்காடு. இக்குறைபாடுகளோடு தொடர்புடைய காரணிகளாக வீட்டுப் பிரசவம், பிறப்பின்போது மூச்சுத்திணறல், குறைந்த பிறப்பு எடை, மூளைத் தொற்று, உயரக் குன்றல் ஆகியவை கண்டறியப்பட்டன. இவற்றுள் பல தடுக்கக்கூடியவை. ஆய்வு நடந்த ஐந்து பகுதிகளுள் தமிழ்நாடு இல்லை.

காரணிகளுள் ஒன்றான உயரக் குன்றலை மட்டும் எடுத்துக்கொள்வோம். குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் 42.8 விழுக்காட்டினர் உயரம் குன்றியவர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவில் அது 31.2 விழுக்காடு. இந்த இடைவெளியை வறுமை ஒன்றே விளக்கிவிடுமா? பொருளியல் அறிஞர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இதனை ஆராய்ந்தனர். தீண்டாமை மிகுதியாகக் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் ஒடுக்கப்பட்ட சமூகக் குழந்தைகளின் உயரக் குன்றலும் மிகுதியாக இருப்பதை அவர்கள் கண்டனர். தாயைத் தொட மறுக்கும் செவிலியர், சேரிக்குள் வர மறுக்கும் ஊழியர், ஊர்த்தெருவில் மட்டும் அமையும் அங்கன்வாடி என்னும் வழிகளில் தீண்டாமை குழந்தையின் உடலுக்குள் இறங்குகிறது.

ஆய்வைத் திரிப்போருக்கு

இவ்வாய்வுகளை எடுத்துக்கொண்டு, "அவர்களுக்கு அறிவு குறைவு" என்னும் பழைய சாதியப் பொய்க்குப் புதிய ஆடை உடுத்துவோர் வரக்கூடும். அதற்கும் ஆய்வே விடையளிக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப்பிரதேசப் பள்ளி மாணவர்களிடம் புதிர்வழிப் படங்களைக் கொடுத்து ஆராய்ந்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது தலித் மாணவர்களும் ஆதிக்கச் சாதி மாணவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களை விடுவித்தனர். எல்லோர் முன்னிலையிலும் சாதி அறிவிக்கப்பட்டதும் தலித் மாணவர்களின் செயல்திறன் வீழ்ந்தது. குறை அறிவில் இல்லை. அவர்களை அடையாளம் காட்டிக் குறுக வைக்கும் சூழலில் உள்ளது.

இழந்ததைப் பெருமளவு மீட்கவும் இயலும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் உயரம் குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரந்தோறும் சென்று, விளையாட்டின் வழியே கற்பிக்கத் தாய்மாரைப் பயிற்றுவித்தனர். இரண்டே ஆண்டுகள் நடந்த பணி அது. இருபது ஆண்டுகளுக்குப் பின், அக்குழந்தைகளின் வருமானம் இப்பயிற்சி பெறாதோரைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

அரைகுறைத் தீர்வுகள் போதா என்பதையும் அறிவியல் கூறுகிறது. வங்கதேசத்திலும் ஜிம்பாப்வேயிலும் நடந்த பெரும் ஆய்வுகளில், எளிய கழிப்பறையும் கைகழுவும் ஏற்பாடும் மட்டும் குழந்தைகளின் உயரத்தை மேம்படுத்தவில்லை. பாதுகாப்பான குழாய்நீர் உள்ளிட்ட முழுமையான மாற்றம் வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கற்ற பாடம்.

நாம் கோர வேண்டியவை

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயதுவரை வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறியவும், மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைக்கவும் வழிசெய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசம், பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீராதாரத்தை மற்றவர்கள் மாசுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. சட்டங்கள் உள்ளன. அவை சேரியின் வாசலைத் தாண்டி வருகின்றனவா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே, புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை தலித் குழந்தைகள் வளர்ச்சிச் சோதனைக்கு உட்பட்டனர், எத்தனை பேர் மையத்துக்கு அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் தொடர் சிகிச்சை பெறுகின்றனர் என்னும் விவரங்களைச் சாதிவாரியாக வெளியிடக் கோருவோம். கல்லூரி மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே இக்கேள்விகளை இன்றே எழுப்பலாம். ஒவ்வொரு சேரியின் குடிநீரும் குறித்த இடைவெளியில் சோதிக்கப்பட்டு, முடிவு ஊரறிய ஒட்டப்பட வேண்டும். வேங்கைவயல் குழந்தைகளின் உடல்நலமும் வளர்ச்சியும் அரசு செலவில் பல்லாண்டுகள் கண்காணிக்கப்பட வேண்டும். வழக்கின் முடிவுக்காக அவர்களின் வளர்ச்சி காத்திருக்காது.