ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம்

மேனேஜர் முறைக்கிறார். டி.ஏ. பில் மூன்று மாதமாக பாஸாகவில்லை. கேட்ட ஸ்டேஷனரி வரவில்லை. மெமோ மட்டும் டயத்துக்கு வந்துவிடுகிறது... இதில் ஏதாவது இரண்டு உங்களுக்குப் பொருந்தினாலே போதும், ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் நாலு தடவை டைப் அடித்திருப்பீர்கள்!

இத்தனையும் ஒரே ஆளுக்கு, கிட்டத்தட்ட 13 வருஷம் நடந்தால்?

மனுஷன் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்கிற ஊர்க்காரர். இந்தியாவில் போய்க் கிறிஸ்தவ ஊழியம் செய்யச் சொல்லி டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பிவைத்த இரண்டு பேரில் ஒருவர். இன்னொருவர் புளூட்சோ. 1706 ஜூலை 9-ம் தேதி இரண்டு பேரும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது கிட்டத்தட்ட 24 வயசு. வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருக்கிற வயசு!

தரங்கம்பாடி அப்போது டேனிஷ் கம்பெனியின் கையில். ராஜாவே அனுப்பிய ஆட்களாச்சே, மாலை மரியாதை இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கோட்டைத் தளபதி ஹாசியஸ் எரிந்து விழுந்துவிட்டு, வந்தவர்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார். கம்பெனியின் கணக்கு சிம்பிள். நாம் வந்தது வியாபாரத்துக்கு. இந்தப் பாதிரிமார் வேதம் பேசி ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டால் பிசினஸ் படுத்துவிடும்!

சீகன்பால்கு என்ன செய்தார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலை வைத்து 'அ' எழுதினார்.

அதற்கப்புறம் ஒரு டைம்டேபிள். காலை ஏழு மணிக்கு முந்தின பாடத்தின் வார்த்தைகளைத் திருப்பிப் பார்ப்பார். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்ச் சுவடி வாசிப்பு. அர்த்தம் சொல்ல ஒரு வயதான புலவர் பக்கத்தில் இருப்பார். மத்தியானம் மறுபடி படிப்பு. ராத்திரி கண் களைத்துவிட்டால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டே வருஷத்தில், 1708-ல், 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் தயார். தமிழ் நாட்டில் பிறந்த நாம் எத்தனை பெயர் சொல்வோம்? விரல் விட்டு எண்ண வேண்டாம், சங்கடமாக இருக்கும்!

அதே 1708 அக்டோபரில் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். நவம்பரில் ஜெயில்!

காரணம் மதப் பிரசாரம் இல்லை. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, அவருடைய மனைவிக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளருக்கும் நடுவே ஒரு கடன் வழக்கு. அந்த விதவைக்காகப் பரிந்து பேசப்போனார் சீகன்பால்கு. 'கம்பெனி விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறாயா?' என்று ஹாசியஸ் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். நாலு மாசம். வைத்தவரும் கிறிஸ்தவர், இருந்தவரும் கிறிஸ்தவர்.

1709-ல் வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து எழுதினார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது.

முடிந்தால் போதுமா, அச்சடிக்க வேண்டாமா? லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்கிற சங்கம் ஒரு பிரஸ்ஸை அனுப்பியது. கப்பலை பிரேசில் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டு, மெஷின் ஒருவழியாக வந்து சேர்ந்தது. கூட வந்த பிரிண்டர் வழியிலேயே இறந்துவிட்டார். அப்புறம் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றும் ஆகிருதியான எழுத்து! அதை வைத்து அடித்தால் இருக்கிற பேப்பர் தாங்காது. சரி என்று உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 1715-ல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாகிவிட்டது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

வெளியே இருந்து எதிர்ப்பு வரவில்லையா? வந்தது. மதம் மாறினவர்களை வீட்டில் சேர்க்கவில்லை, பிழைப்பு போயிற்று. ஊர்க்காரர்களின் கோபத்துக்கு அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. சொந்தக் கூடாரத்தின் கோபத்தைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. தென்னிந்தியர்களின் தெய்வங்களைப் பற்றி, அவர்களிடமே கேட்டு, ஒரு பெரிய புத்தகம் எழுதி 1713-ல் ஹாலேவுக்கு அனுப்பினார். அதைத் தொலைக்கத்தானே உன்னை அனுப்பினோம், இங்கே பரப்புவதற்கா என்கிற தோரணையில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அது அச்சேறியது 1867-ல். அதுவும் சென்னையில்!

இதற்காக மனுஷனைச் சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். முன்கோபி. தளபதியைப் பற்றிப் புகார் மேல் புகாராக எழுதினவர். 1714-ல் நேரிலேயே ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். அங்கே நல்ல வரவேற்பு. 1715-ல் கல்யாணம். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் அச்சாயிற்று. உடம்பும் அவ்வளவு சரியில்லை. 'போதும் சாமி, இங்கேயே ஒரு சர்ச்சில் இருந்துவிடுகிறேன்' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1716-ல் மனைவியோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்தார். ஜெயிலில் இருந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உள்ளே தள்ளிப் பூட்டினால் யாரும் இருந்துதான் ஆகவேண்டும். கதவு திறந்திருக்கும்போது திரும்பி வருவதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

புதிய எருசலேம் ஆலயம் கட்டி, 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார். இனியாவது நிம்மதி என்று நினைத்த நேரத்தில்தான் கோபன்ஹேகன் ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம். அங்கே புதிதாக வந்திருந்த செயலாளருக்கு ஒரு தியரி. ஊழியக்காரன் என்றால் அந்தக் காலத்து அப்போஸ்தலர் மாதிரி வெறுங்கையோடு ஊர் ஊராக நடக்க வேண்டும். சர்ச் என்ன, பள்ளிக்கூடம் என்ன, இதற்கெல்லாம் காசு எதற்கு? தரங்கம்பாடி வெயிலை ஒரு நாள்கூட அனுபவிக்காதவர் கேட்ட கேள்வி!

ஜெயிலில் உடையாதவரை இந்தக் கடிதம் உடைத்தது. ஏற்கெனவே நோயாளி. 1719 பிப்ரவரி 23-ம் தேதி இறந்துபோனார். வயசு 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றிருந்தது. மீதியைப் பின்னால் வந்த சுல்ட்சே முடித்தார்.

நல்ல வேலைக்குக் கடைசியில் பாராட்டு வந்துவிடும் என்று சொல்லத்தான் ஆசை. சீகன்பால்குவுக்கு வரவில்லையே! வந்தது மெமோதான். ஆனால் மெமோ வரும்வரை அவர் மேஜையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

அவர் கட்டிய ஆலயம் தரங்கம்பாடியில் இன்றும் நிற்கிறது. அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். கடிதம் எழுதிய செயலாளர் பெயர் கிறிஸ்டியன் வெண்ட்.

இதற்கு முன் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?