காசின் பிறவிப் பிழையும் பின்வந்த ஊறும்

திருப்பூரைச் சூழ்ந்த நாடு இன்று பனியனுக்குப் பெயர்பெற்றதாயினும், பண்டு ரோமாபுரியின் காசுகள் வந்து குவிந்த நாடுமாகும். ஊத்துக்குளியை அடுத்த காத்தாங்கண்ணியில் ரோமாபுரி வெள்ளிக்காசுக் குவியலொன்று கிடைத்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1946-ம் ஆண்டில் அகுஸ்துராயன், திபேரியுராயன் என்போர் வெளியிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. இத்தகைய காசொன்றில் வழக்கத்துக்கு மாறான குறி காணப்படின், அது நாணயசாலையில் நேர்ந்த பிழையோ, பின்னர் உற்ற ஊறோ என்று துணிதல் எங்ஙனம்? பிழையுள்ள காசுக்கு அன்பர் மிகுவிலை கொடுப்பர். ஊறுபட்டதற்கோ விலை குன்றும். ஆதலின் இரண்டையும் மயங்கவைத்துப் பொருள் பறிப்போரும் உளர்.

முதலில் காசு பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். பழங்காலத்தில் உலோக வில்லையைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் அடித்தனர். வில்லை விலகியிருப்பின் உருவம் ஒருபுறம் ஒதுங்கும். இருமுறை அடிபடின் உருவம் இரட்டிக்கும். அச்சிலே வெடிப்புண்டாயின் உலோகம் அவ்வெடிப்பினுட் புகுந்து, காசின்மேல் மேடான கோடாக எழும். பின்னர்க் கத்தியோ உளியோ பட்ட வடுவோ பள்ளமாயிருக்கும். அதன் இருகரையிலும் ஒதுக்கப்பட்ட உலோகம் விளிம்பிட்டு நிற்கும். மேடோ பள்ளமோ என்பதே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

இதனை நம்மூர்த் தொழிலைக்கொண்டே விளக்கலாம். பின்னல் யந்திரத்தில் ஊசியொன்று பழுதுபடின், அக்குறை துணியின் நீளமெங்கும் கோடாகத் தொடரும். தைத்தபின் ஆணியிற் பட்டுக் கிழிந்த பனியனிலோ கிழிசல் அவ்வொன்றோடே நிற்கும். அவ்வாறே அச்சின் வெடிப்பு அவ்வச்சில் அடித்த பிற காசுகளிலும் அதே இடத்தில் தோன்றும். எனவே ஒத்த காசுகளை ஒருங்கு வைத்து நோக்குதல் இரண்டாவது சோதனை.

முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளின், அடுத்த வில்லையின் ஒருமுகத்தில் அவ்வுருவமே இடம்வலமாக மாறிப் பள்ளமாய்ப் பதியும். இரு காசுகளைப் பிடிப்பிரும்பில் நெருக்கியும் இதனைப் போலி செய்வர். ஆயின் போலியில் பழைய உருவத்தின் சிதைந்த எச்சம் அடியிற் புலப்படும். மறுமுகமும் பெரும்பாலும் நசுங்கியிருக்கும்.

மூன்றாவது சோதனை எடை. 2011-ம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய ஒரு ரூபாய் நாணய வகை 3.79 கிராம் எடையுள்ளது. சலவைப் பட்டறையின் அமிலத்திற் கிடந்த காசும் எடை குன்றும். மெல்லிய தகட்டில் அடித்ததும் குன்றும். முன்னதில் எழுத்துகளின் ஓரம் அரிக்கப்பட்டு மழுங்கும். பின்னதில் உருவம் ஆழமின்றியிருப்பினும், பதிந்த அளவில் அதன் ஓரம் தெளிவாயிருக்கும். ஆகவே எடை ஒன்றே சான்றாகாது.

இனி, ஊறுபட்டதெல்லாம் பயனற்றதென்று தள்ளுதலும் தவறாம். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் இராயன் தலையின் குறுக்கே வெட்டொன்று உள்ளது. வெட்டு பள்ளமாயும், வெவ்வேறு இராயர்களின் காசுகளில் ஒருதன்மைத்தாயும் இருத்தலின், இது நாணயசாலைப் பிழையன்று, வேண்டுமென்றே செய்ததென்பது தெளிவு. நாணயமாக மீண்டும் செல்லாதிருக்கும் பொருட்டு வெட்டினர் என்பர் சிலர். பொன்னைச் சோதிக்க வெட்டினர் என்பர் வேறுசிலர். எவ்வாறாயினும், அவ்வெட்டினை அச்சுப் பிழையென மயங்கியிருப்பின், அக்காசுகளைக் கையாண்டோர் செயலுக்குரிய அரிய சான்றினை நாம் இழந்திருப்போம்.

ஆதலால் பழங்காசு கைப்பட்டால் புளியிட்டுத் துலக்குதலும் சாம்பலால் தேய்த்தலும் ஆகா. தேய்ப்பில் குறியும் போம், சான்றும் போம். மண்ணுட் புதையலாகக் கிடைத்து, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின், 1878-ம் ஆண்டின் புதையற் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் கண்டெடுத்தவர் கடமையாகும். தட்டான் உலையில் உருகிய காசு தன் பிறவியையும் கூறாது, தான் பட்ட பாட்டையும் கூறாது. நம் மாணவர் கைக்கு அத்தகைய காசொன்று வருமாயின், விலை கேட்குமுன் அதனைச் சாய்ந்த வெளிச்சத்தில் உற்றுநோக்கி, மேடோ பள்ளமோ என்று ஆராய்வாராக.