காட்டு ஜாதிக்காயும் மழைக்காடும்

குற்றாலத்துத் தோட்டங்களில் விளையும் ஜாதிக்காய் வெளியிலிருந்து வந்த பயிராகும். இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள் அதன் தாயகம். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் இங்கு நடப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த காட்டு ஜாதிக்காயோ மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கே உரியது. மாஞ்சோலைக்கு மேலுள்ள காக்காச்சிக் காடுகளில் இம்மரங்களைக் காணலாம்.

இம்மரத்தில் ஆண், பெண் தனித்தனியாகும். ஆண் மரத்தில் காய் பிடிக்காது. அதை 'மலட்டு மரம்' என்று வெட்டிவிட்டால் மகரந்தம் கிடைக்காமல் பெண் மரங்களும் காய்ப்புக் குறையும்.

காய் பழுத்து இரண்டாக வெடிக்கும்போது கொட்டையைச் சுற்றிச் செந்நிறப் பத்திரி தெரியும். இப்பெரிய கொட்டையை எல்லாப் பறவைகளாலும் விழுங்க இயலாது. இருவாட்சி, மந்திப்புறா போன்ற வாயகன்ற பறவைகளே விழுங்கும். பத்திரி செரித்ததும் கொட்டையைத் தொலைவில் கக்கிவிடும். தாய்மரத்தடியில் குவிந்து விழுபவற்றில் பெரும்பகுதி பூச்சிக்கும் எலிக்கும் இரையாகிறது. பறவை கொண்டுபோய்ப் போட்டதே மரமாக வாய்ப்புண்டு. அந்த இருவாட்சிக்குக் கூடு வைக்க முதிர்ந்த பெருமரத்தின் பொந்து வேண்டும். ஆகவே பெருமரங்களை அழித்தால் விதைப்பவரும் போய்விடுவார்!

கேரளத்திலும் கர்நாடகத்திலும் காட்டுப் பத்திரி வாணிகப் பொருளாகும். பிறர் முந்திவிடுவரோ என்று பழுக்குமுன்பே கிளையோடு வெட்டி இறக்குவதும் உண்டு. பிஞ்சுக் காயின் பத்திரி மெலிந்திருப்பதால் விலையும் குறைவு. இதைவிட நட்டமான அறுவடை வேறில்லை என்பது என் கருத்து.

தென்னமெரிக்காவின் அமேசான் காட்டிலும் இதே நிலைதான். அங்குள்ள பிரேசில் கொட்டையின் பூவைப் பெரிய காட்டுத் தேனீக்களே மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. அகூட்டி எனும் அணில் போன்ற பிராணி கடினமான ஓட்டைக் கடித்துத் திறந்து கொட்டைகளைப் புதைக்கிறது. மறந்துபோனவை முளைக்கின்றன. காட்டை விட்டுத் தோட்டமாக நட்டபோது பெரும்பாலும் காய்ப்பு மோசமாகவே இருந்தது. எனவே உலகச் சந்தைக்கு வரும் கொட்டையில் பெரும்பகுதி இன்றும் காட்டில் பொறுக்கியதே. அந்த வருமானம் இருப்பதால் பல இடங்களில் காடு மாட்டுப் புல்வெளியாகாமல் நிற்கிறது. ஆயினும் நெடுங்காலம் மிகையாகப் பொறுக்கிய இடங்களில் இளமரங்களே அருகிவிட்டன என்று 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நம் காப்புக்காடுகளில் வனத்துறை விதிகள் உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி காணிக்காரர் போன்ற மலைவாழ் மக்களுக்குச் சிறு வனப்பொருள் உரிமை உண்டு. உரிமையுள்ளோர் வெடித்த காய்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு மரத்திலும் ஒரு பகுதியைப் பறவைக்கு விட வேண்டும்.

சமவெளித் தோட்டக்காரருக்கும் இதில் பங்குண்டு. நாட்டு ஜாதிக்காயை விதையிலிருந்து வளர்த்தால் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகிவிடும். ஆகவே ஒட்டுக் கன்றே சிறந்தது. அதற்கு வேர்ச்செடியாகக் காட்டு ஜாதிக்காய் நாற்றும் பயன்படுகிறது. முறைப்படி வாங்கிய காட்டுக் கொட்டை உலர்ந்தால் முளைக்காது. பத்திரியை நீக்கிய உடனே நிழலில் ஈரமணல் பாத்தியில் விதைத்துவிட வேண்டும்.