அப்பாவின் பேலன்ஸ் என்ன?

பி.காம். படித்தவன் என்பதால் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. ஆனால், வீட்டில் 72 வயது அப்பாவின் பேலன்ஸ் இரண்டு மாதமாக டேலி ஆகாமல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை!

"முழங்கையில என்னப்பா காயம்?"

"ஒண்ணுமில்லடா... கதவு இடிச்சிடுச்சு."

கதவு இடிக்கவில்லை. பாத்ரூமில் விழுந்திருக்கிறார். அம்மாதான் போட்டு உடைத்தாள். "உன்கிட்ட சொன்னா வெளியவே விட மாட்டேன்னு பயம்டா அவருக்கு!"

அதற்கப்புறம்தான் மற்ற கணக்குகளும் புரிந்தன. சாயங்கால வாக்கிங் கட். மொட்டை மாடிக்கும் போவதில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், "வெயிலா இருக்கு" என்கிறார், ராத்திரி ஏழு மணிக்கு!

இந்தப் பயம்தான் பெரிய வில்லன். விழுந்தவர் பயந்துபோய் நடமாட்டத்தைக் குறைக்கிறார். நடக்காத கால் பலம் இழக்கிறது. பலமில்லாத கால் மறுபடி தடுமாறுகிறது. கூட்டு வட்டிக் கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்தே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் அதிகம், அறுபதைத் தாண்டியவர்கள்.

நாம் விழாமல் நிற்பதே மூன்று பார்ட்னர்கள் சேர்ந்து நடத்தும் பிசினஸ்தான். கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் இருக்கும் நரம்புகள். வயசானால் மூவருமே அடிக்கடி லீவு போடுவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் பாதம் மரத்துப் போகலாம். முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் கண்ணும் அவுட். கீழே ஈரத் தரை. அப்புறம் விழாமல் என்ன செய்வார்?

நல்ல செய்தி, எந்த வயதிலும் இந்த பேலன்ஸை ஏற்றலாம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் முதியவர்கள் வீட்டிலேயே செய்யும்படி ஒரு பயிற்சித் திட்டம் போட்டார்கள். செய்தவர்கள் விழுவது சுமார் 35 சதவிகிதம் குறைந்தது. ஜிம் வேண்டாம். ஆடாத நாற்காலி ஒன்றும் சமையல் மேடையும் போதும்.

* நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. ஐந்து முறையில் ஆரம்பித்துப் பத்துக்குப் போகலாம்.

* மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்து முறை.

* மேடை ஓரமாகவே பக்கவாட்டில் நண்டு நடை.

* சுவரைத் தொட்டபடி அடிமேல் அடி வைத்து நடப்பது. வேறொன்றுமில்லை, நம்ம கோயில் அடிப்பிரதட்சிணம்தான்!

* மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து செகண்ட். பழகப் பழக, பிடியை ஒரு விரலாகக் குறைக்கலாம்.

வாரத்துக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும். பக்கத்தில் ஆள் இருப்பது கட்டாயம். தலைசுற்றல், மூட்டு வலி, ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி, வழுக்காத மிதியடி, ராத்திரிக்கு ஒரு விளக்கு... இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஒற்றைக் காலை லேசாக நினைக்காதீர்கள். 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரைப் பத்து செகண்ட் நிற்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை!

எங்கள் வீட்டில் முதல் நாள் அப்பா நான்கு செகண்ட். நான் சிரித்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கே, நீ கண்ணை மூடிக்கிட்டு நில்லு பார்ப்போம்!" நின்றேன். மூன்றாவது செகண்டில் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மூழ்கியிருந்தேன். மொட்டை மாடியிலிருந்து குரல்.

"டேய், காக்கா வடாமைக் கொத்துது. அங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்றே? மேல வா!"

அப்பாதான்!