நம்பர் பொறித்த இரும்பு

சென்ற வாரம் இன்ஜினைப் பார்த்தோம். இன்ஜின் போனால் வேறு தேடலாம், கேபின் துருவேறினால் தகடு வெட்டி டிங்கரிங் செய்யலாம். சேஸ் போனால் என்ன செய்வது என்பதில்தான் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் திணறுகிறார்கள். படவேட்டில் ஒரு வாழைத்தோப்பு ஓரம் நிற்கும் 1960களின் மகிந்திரா பிக்கப்பை வைத்தே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆள் ஏற்றியதும், மற்ற நாளில் வாழைத்தாரும் யூரியாவும் சுமந்ததும் அந்த வண்டிதான். யூரியாதான் அதைத் தின்றது என்பார் தோப்புக்காரர். பாதி உண்மை. மூட்டையிலிருந்து சிந்தும் உரம் தொட்டிப் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேஸின் உள்மடிப்பில் ஈரத்தோடு தங்கிவிடும். மீதிப் பாதி, எத்தனையோ மழைக்காலங்களாக யாரும் கழுவி விடாத சேறு. தொட்டிக்குக் கீழே ஒரு இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

“பொலிரோ சேஸு ஒண்ணு இரும்பு வெலைக்கு வருது சார். இந்த கேபின தூக்கி அதும் மேல வெச்சா முடிஞ்சுது. இன்னா சொல்றீங்க?”

தோப்புக்காரர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. 1947இலிருந்து 50களின் நடுப்பகுதி வரை வந்த செவர்லே பிக்கப்பின் கேபினை, 1982 முதல் 2004 வரை தயாரான செவர்லே எஸ்-10 பிக்கப்பின் சேஸில் ஏற்றுவார்கள். காரணம் எளிது. எஸ்-10 உடைசல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங் எல்லாம் கூடவே வந்துவிடும். பழைய அரை டன் செவர்லேயின் வீல்பேஸ் 116 அங்குலம். நீளத் தொட்டி எஸ்-10இன் வீல்பேஸ் 117.9. இரண்டங்குலம்கூட வித்தியாசமில்லை என்று துள்ளிக்கொண்டு வேலையில் இறங்குவார்கள். இறங்கிய பிறகுதான் தெரியும், சேஸின் விலை அந்தக் கணக்கில் மிகச் சின்ன வரி என்று. கேபின் உட்காரும் தாங்கிகள் ஒன்றும் பொருந்தாது. ரேடியேட்டர் இடிக்கும். ஸ்டியரிங் ராடை வெட்டி ஒட்ட வேண்டும். பின் ஆக்சிலுக்கு மேல் சேஸ் வளைந்து ஏறும் இடத்தில் தொட்டி தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஃபோர்டுகாரர்கள் 50களின் எஃப்-100 பிக்கப்புக்கு கிரவுன் விக்டோரியா காரை உடைத்து, அதன் முன் சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டுகிறார்கள். 2003க்குப் பிந்தைய கிரவுன் விக்டோரியாவில் அது முழுதாக ஓர் அலுமினியச் சட்டத்தோடு போல்ட்டில் கழன்று வரும். முழு சேஸையும் மாற்றுவதைவிட எனக்குப் பிடித்த புத்தி இது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்மூரிலும் தேடினால் சேஸ் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத வண்டி உறுப்பு எது? வீல்பேஸ், சக்கரத்துக்குச் சக்கரம் அகலம், கேபினுக்குக் கீழே சேஸின் அகலம், தரையிலிருந்து உயரம் என நான்கையும் அளந்து கொண்டு போனால் பாதி ஏமாற்றம் தவிரும். ஆனால் இங்கே டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஆர்சி புக்கை எடுக்க வேண்டும்.

எஃப்சிக்கு வண்டியை நிறுத்தும்போது கவனித்திருப்பீர்கள். சேஸில் பஞ்ச் அடித்த நம்பர் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள். தாளில் எழுந்துவரும் எண்ணும் ஆர்சியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கேபினோ தொட்டியோ அல்ல, அந்த எண் பொறித்த இரும்புதான் சட்டத்தின் கண்ணில் வண்டி. தோப்புக்காரர் பொலிரோ சேஸில் தன் கேபினை ஏற்றினால், அவர் கையில் இருப்பது பழைய கேபின் போட்ட பொலிரோ. அதன் காகிதம் யார் பேரில் இருக்கிறதோ, அவருடைய வண்டி. பழைய நம்பரை வெட்டியெடுத்து ஒட்டிவிடலாம், புதிதாகப் பஞ்ச் அடித்துவிடலாம் என்று யோசனை சொல்லப் பட்டறையில் ஆள் இருப்பார். அவரிடமிருந்து கும்பிடு போட்டு விலகுங்கள். திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலை அது. போலீஸும் அப்படித்தான் பார்க்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே இன்னும் அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதற்கு மேல் இன்னொரு இழப்பும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்து வரும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும். சொந்த உபயோக வண்டிகளை நினைத்து எழுதிய விதி என்பதால், சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப் என்றால் முதலில் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஒரு நிபந்தனை தெளிவு: சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இரும்பு விலைக்கு வாங்கிய சேஸ், அறுபதாண்டு வண்டியின் வயதையே அழித்துவிடும்.

ஆகவே என் யோசனை, சொந்த சேஸைக் காப்பாற்று என்பதுதான். முதலில் அது காப்பாற்றத் தக்கதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை மாட்டும் போல்ட்டுகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடங்களில் தரையில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு, புள்ளிகளை மூலைக்கு மூலை அளக்கவும். ஆரணிப் பக்கம் தறி பூட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டம் கோணினால் பாவு ஒரு பக்கம் தொய்யும். இரண்டு குறுக்களவும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் சேஸ் நேர். அரை அங்குலம் விலகினால் எப்போதோ அடி வாங்கிய வண்டி. வெல்டிங்குக்கு முன் நெளிவெடுக்க வேண்டும்.

படவேட்டு வண்டி நேராகவே இருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் கேபினுக்கு அடிவரை கணீரென்கிறது, தொட்டிக்கு அடியில் சத்தம் சப்பென்று இறங்குகிறது. நம்பர் இருக்கும் இடம் நல்ல இரும்பு. அழுகியது பின்பாதியில் இரண்டு முழ நீளமும் ஒரு கிராஸ் மெம்பரும்தான். அழுகியதை வெட்டி, அதே கனத் தகட்டை அதே வடிவில் மடித்து வைத்து வெல்டு செய்யலாம். வலுவுக்கு வைக்கும் பட்டைத் தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. சரிவாக வெட்ட வேண்டும். செங்குத்து வெல்டின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பும். அந்தப் பட்டைத் தகட்டுக்காக மேல், கீழ் மடிப்பின் குறுக்கே வெல்டு ஓட்டக் கூடாது. விரிசல் இருந்தால் அதன் முனையில் சின்னதாக ஒரு துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். பழைய ரிவெட் போன இடத்தில் 8.8 என்று தலையில் பொறித்த போல்ட் போடுங்கள். தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கும் பேட்டரியும் கீழே இறங்கியாக வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ, தகடு வாங்கிய பில் எல்லாம் ஆர்சி உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

தோப்புக்காரருக்கு இன்னும் முழு மனசில்லை. பொலிரோ சேஸ் என்றால் பவர் ஸ்டியரிங் வந்திருக்குமே என்பது அவர் குறை. அந்த வண்டியின் ஸ்டியரிங் கல்லாக இருப்பதற்குக் காரணம் பவர் இல்லாதது அல்ல. இறுகிப்போன கிங்பின்னும் காற்றில்லாத டயரும்தான். அதை அடுத்த வாரம் கழற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)