சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில்

பழைய கார்களில் முகப்பு விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, ஃபியூஸைக் கடந்து, ஓட்டுநரின் கைக்கெட்டிய சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து நேராகவோ ரிலே எனப்படும் மின்காந்த இணைப்பியின் வழியாகவோ விளக்கைச் சென்றடைந்தது. விளக்கு எரியாவிட்டால் அந்த ஒரே பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சோதித்துக்கொண்டே போனால் கோளாறு எங்கேனும் அகப்பட்டுவிடும். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அப்பாதை இடையில் துண்டிக்கப்பட்டு, சுவிட்ச் ஒரு பக்கமும் விளக்கு மறுபக்கமுமாக நிற்க, நடுவில் ஒரு சிறு கணினி அமர்ந்திருக்கிறது. சுவிட்ச் இப்போது விளக்குக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. விளக்கு வேண்டுமென்று விண்ணப்பம் போடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அவ்விண்ணப்பத்தைப் படித்து, தன்னுள் இருக்கும் ரிலேயையோ, அசையும் பாகம் ஏதுமின்றி மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரையோ இயக்கி விளக்கை எரியவைக்கும் அக்கணினியே பாடி கண்ட்ரோல் மாட்யூல். வைப்பர், ஹார்ன், இண்டிகேட்டர், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார், உள்விளக்கு முதலியவை இதன் ஆட்சிக்கு உட்பட்டவை. சாவியை அடையாளம் கண்டு எஞ்சின் ஓட அனுமதி தரும் இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பையும் சில கார்களில் இதுவே கவனிக்கிறது. பட்டறைகளில் இதைப் பி.சி.எம். என்று சுருக்கிச் சொல்வதுண்டு. ஆனால் எஞ்சினையும் கியரையும் ஆளும் பவர்டிரெயின் கண்ட்ரோல் மாட்யூலும் தமிழ் எழுத்தில் பி.சி.எம். என்றே ஆகிவிடுவதால், இக்கட்டுரையில் அச்சுருக்கம் தவிர்க்கப்பட்டு, மாட்யூல் என்ற சொல் முதலில் கூறிய பெட்டியையே குறிக்கிறது.

இப்பெட்டி தோன்றக் காரணம் கம்பிகளின் பெருக்கம். ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனிக் கம்பி இழுத்துக்கொண்டே போனதில் காரின் ஒயரிங் கனத்து, செலவும் கோளாறும் கூடின. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்திய கண்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாகக் கேன், இதற்கு வழி திறந்தது. ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளில் காரின் கணினிகள் அனைத்தும் இணைந்து, ஒன்று அனுப்பும் செய்தியை மற்றவையெல்லாம் கேட்டு, தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அவ்வளவு வேகம் தேவைப்படாத கண்ணாடிச் சுவிட்ச், மழை உணரி போன்றவற்றுக்கு, ஒரே கம்பியில் இயங்கும் லின் என்னும் மலிவான ஏற்பாடு பின்னர் வந்து சேர்ந்தது. மாட்யூல் பல கார்களில் இவ்விரண்டுக்கும் இடையே நின்று செய்தி கடத்துகிறது.

பல வேலைகள் ஓரிடத்தில் குவிந்திருப்பதால் கோளாறின் தோற்றமும் விசித்திரமாகிவிடுகிறது. ஹார்னை அழுத்தினால் வைப்பர் அசைவதும், நிறுத்திய காரில் இண்டிகேட்டர் தானே மின்னுவதும், கதவு தானே பூட்டிக்கொள்வதும் பார்ப்பவரை மிரளவைக்கும். உடனே பெட்டி போய்விட்டது என்ற தீர்ப்பும் வந்துவிடும். அத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. மாட்யூலுக்குள் ஈயப்பற்று விரிசல் விடுவதும் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்வதும் உண்மையிலேயே நிகழ்பவைதாம். எனினும் அதற்கு வரும் மின்சாரமும், அதை அடித்தகட்டோடு பிணைக்கும் எர்த்தும், அதில் செருகப்படும் கனெக்டர்களும் கெட்டால் மாட்யூல் கெட்டது போன்ற அதே தோற்றம்தான் உண்டாகும்.

இதற்குத் தக்க சான்று அமெரிக்காவில் உண்டு. 2014 மே மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே மாலிபு, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா ஆகிய வகைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 24 லட்சம் கார்களைப் பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைத்தது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியாதிருப்பதும், மிதிக்காதபோது எரிவதும், வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் குரூஸ் கண்ட்ரோல் ஒழுங்காகச் செயல்படாததும் அவற்றில் காணக்கூடிய குறைகள். மாட்யூலின் மூளையில் குற்றமில்லை. அதன் கனெக்டரில், அதிர்வினால் உலோக முனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி உரசி ஆக்சைடு படிந்து, மின்தடை கூடி, பிரேக் மிதியின் நிலையைச் சொல்லும் உணரியின் வோல்டேஜ் ஏறி இறங்கியது. பொய்ச் செய்தியைப் பெற்ற மாட்யூல் அதற்கேற்பவே நடந்துகொண்டது. கனெக்டர் அசையாதபடி இடைத்தாங்கி வைத்து, முனைகளில் மின்காப்புப் பசை பூசி, மிதியின் ஓய்வுநிலையைக் கணினிக்கு மறுபடி கற்பித்ததே அன்று வகுக்கப்பட்ட பரிகாரம்.

எனவே சோதனை பேட்டரியில் தொடங்கவேண்டும். நிற்கும் காரில் 12.6 வோல்ட் அளவில் இருக்கவேண்டிய பேட்டரி மிகவும் தாழ்ந்திருந்தால் கணினிகள் முன்னுக்குப் பின் முரணாக நடக்கும், அந்நிலையில் மற்றச் சோதனைகளுக்குப் பொருளில்லை. அடுத்து, மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ்கள். அவை ஒன்றல்ல, பல. இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றக்கூடும் என்பதை நினைவிற்கொள்வது நல்லது. இழைகளெல்லாம் அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் கம்பியிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். ஆகையால் கனெக்டரைக் கழற்றி, தடித்த மின்வழங்கு கம்பியில் 55 வாட் முகப்பு பல்பு ஒன்றை இணைத்து அது பளிச்சென்று எரிகிறதா என்று பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம் (மெல்லிய சமிக்ஞைக் கம்பிகளில் இதைச் செய்யலாகாது). எர்த்தையும் வேலை நடக்கும்போதே அளக்கவேண்டும்: விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்க, மாட்யூலின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ துரு பிடித்திருக்கிறது.

டாஷ்போர்டின் அடியில் காலருகே பொருத்தப்பட்ட மாட்யூலுக்கு நீர் பெரும் பகை. முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகால் சருகால் அடைபட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, கனெக்டரில் பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கும். எலி கடித்த கம்பியும், பிற்பாடு பொருத்திய அலாரத்துக்காக அறுத்து முறுக்கிய இணைப்பும் அடுத்து ஐயுறத்தக்கவை.

இவற்றுக்குப் பிறகே ஸ்கேனர். அது படிக்கும் பிழைக்குறிகளில் யு என்று தொடங்குபவை கணினிகளுக்கிடையிலான பேச்சு முறிந்ததைச் சொல்பவை. யு0140 என்ற குறி, மாட்யூலிடமிருந்து செய்தி வரவில்லை என்று இன்னொரு கணினி எழுதிவைத்த புகார். பதில் சொல்லாதவர் இறந்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை, ஃபியூஸ் எரிந்திருந்தாலும் அதே புகார்தான். பல கார்களில், பேட்டரியைக் கழற்றிய பின், 16 முனைகள் கொண்ட சோதனைச் செருகியின் 6, 14 ஆகிய முனைகளுக்கிடையே தடையை அளந்தால் கேன் கம்பிகளின் நலம் தெரியும். இரு கோடிகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் மீட்டர் 60 ஓம் காட்டவேண்டும். 120 என்றால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, சுழியத்தை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொடர்பு கிடைத்துவிட்டால் மீதி எளிது. சுவிட்சை அழுத்தும்போது ஸ்கேனர் திரையில் அதன் நிலை மாறுகிறதா, ஸ்கேனரிலிருந்தே ஆணையிட்டால் வைப்பர் ஓடுகிறதா என்னும் இரண்டு வினாக்கள் கோளாற்றின் இருப்பிடத்தைப் பாதியாகக் குறுக்கிவிடும். விண்ணப்பம் உள்ளே போகிறது, மின்சாரமும் எர்த்தும் செம்மையாக உள்ளன, ஆயினும் வெளிவரும் முனையில் ஒன்றும் இல்லை என்று உறுதியானால்தான் மாட்யூல் குற்றவாளி.

மாற்றும் வேலையில் திருகாணிகளைக் கழற்றுவது அற்பப் பகுதி. பேட்டரியின் எதிர்முனையை முதலில் விடுவித்து, காற்றுப்பையின் மின்தேக்கியில் மிஞ்சிய மின்சாரம் வடியத் தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்து, பாக எண் பொருந்தும் மாட்யூலைச் செருகினாலும் கார் அதை உடனே ஏற்றுக்கொள்ளாது. மழை உணரி உண்டா, எத்தனை கண்ணாடிகள் மின்சாரத்தில் இயங்குகின்றன என்பன போன்ற விவரங்களையும், காரின் 17 எழுத்து அடையாள எண்ணையும் அதில் பதியவேண்டும்; இம்மொபிலைசர் அதற்குள் இருந்தால் எல்லாச் சாவிகளையும் அறிமுகம் செய்யவேண்டும், வீட்டில் விட்டுவந்த இரண்டாம் சாவி பிறகு வேலை செய்யாது. பழைய காரிலிருந்து கழற்றிய மாட்யூல் மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அதற்குள் பழைய காரின் அடையாளமே உறைந்திருப்பதாலும், சில வகைகள் அதை அழித்தெழுத இடங்கொடாததாலும், வாங்குமுன் விசாரிப்பது அவசியம். பதிவு நடக்கும்போது வோல்டேஜ் சரிந்தால் புது மாட்யூலே பயனற்றுப் போகக்கூடும் என்பதால் பேட்டரியோடு நிலையான மின்வழங்கி ஒன்று இணைக்கப்படுகிறது. முடிந்த மறுநாள் காலை பேட்டரி இறங்கியிருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது: உறங்கவேண்டிய மாட்யூல் விழித்திருந்து 1 ஆம்பியர் இழுத்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் காலியாகும், உறங்கும் காரோ வழக்கமாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்பதில்லை.

புது மாட்யூல் போடவேண்டும் என்று சொல்லப்படும் கார் உரிமையாளர், பழையதன் மின்வழங்கு முனையிலும் எர்த் முனையிலும் எத்தனை வோல்ட் அளக்கப்பட்டது என்று முதலில் கேட்கவேண்டும். எண்ணைச் சொல்ல முடியாத பட்டறை இன்னும் சோதிக்கத் தொடங்கவில்லை.